அளந்தவனுக்கே நிலமா?

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, அது பிள்ளைகளின் பாடத்துக்காகப் பிறந்த பொருள் என்றோர் எண்ணம் உண்டு. உண்மை வேறு. இலங்கையின் தேசப்படம் பாசறையிலே பிறந்தது. ஆறு எவ்விடத்தில் கடக்கத்தக்கது, கணவாய் எவ்விடத்தில் ஒடுங்குகிறது, பீரங்கியை இழுக்கும் மாடுகள் எந்தச் சரிவில் ஏறும், படைக்கு நெல் எந்த ஊரில் கிடைக்கும் என்பவற்றை அறிந்துகொள்ளப் படைத் தலைவர்கள் கையால் வரைந்துகொண்டதே அது. பின்னர் அது வருமான அதிகாரியின் மேசைக்கு ஏறியது. அதன்பின் நீதிமன்றத்தின் படியேறிச் சாட்சியாக நின்றது. இன்று அது தீர்ப்பாகவே மாறிவிடுமோ என்று அஞ்சவேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், வராவிடின் அவை அரச காணியாகும் என்று கூறியது. எதிர்ப்பு எழுந்தது, அறிவித்தல் அவ்வாண்டே மீளப் பெறப்பட்டது. அத்தோடு வேலை முடிந்ததென்று பலர் ஓய்ந்துவிட்டனர். ஓயக்கூடாது என்பதே என் வாதம். அறிவித்தல் போய்விட்டது; அந்த அறிவித்தலை எழுத வைத்த முறை போகவில்லை. அம்முறைக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கு மேல். அதன் பிறப்பையும் வளர்ப்பையும் அறியாதவன் அதனோடு வழக்காட முடியாது.

கல்லும் கள்ளியும்

நிலத்தை அளத்தல் ஐரோப்பியன் கொண்டுவந்த வித்தை அன்று. முதலாம் இராசராச சோழன் 1001ஆம் ஆண்டளவில் தன் நாடு முழுவதையும் அளப்பித்தான். அப்பணியைச் செய்வித்த அதிகாரி 'உலகளந்தான்' என்னும் பட்டம் பெற்றான். அவன் ஒரு சேனாபதி என்பது கவனிக்கத்தக்கது. அளவுகோலையும் வாளையும் ஒரே கையில் பிடிப்பது அரசுகளுக்குப் பழைய வழக்கம். தானமாக ஓர் ஊர் கொடுக்கப்பட்டபோது, பெண் யானை ஒன்றை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, அது நடந்த வழியே கல்லும் கள்ளியும் நாட்டினார்கள். சிங்கள மக்களிடமும் 'கடயிம் பொத்' எனப்படும் எல்லை நூல்கள் இருந்தன. இன்ன மலை, இன்ன ஓடை, இன்ன பெரிய மரம் என்று நாட்டின் எல்லையை அவை சொல்லிச் செல்லும்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். வளவு என்றோ, கலட்டி என்றோ, புலம் என்றோ அது முடியும். பரப்பும் குழியும் எழுதியிருக்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதன்பின் கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் பெண்சாதியின் காணி, தெற்கே வாய்க்கால் என்று நான்கு எல்லைகள். இஃது ஒரு படம். கோட்டால் அன்றிச் சொல்லால் வரைந்த படம். இதன் பலம் ஊரார். எல்லையில் வழக்கு வந்தால் ஊரில் நான்கு முதியோர் வேலியைக் காட்டிச் சொல்வார்கள். இதன் பலவீனமும் அதுவே. ஊரார் ஓடிவிட்டால் படமும் ஓடிவிடும். வேலி எரிந்து, கிணறு தூர்ந்து, எல்லைக்காரர் மூவர் இறந்து, நாலாமவர் கடல்கடந்து போனபின் அந்த உறுதியை எவர் வாசித்து விளக்குவார்?

கண்டியின் மதில்

படம் இல்லாமையே ஒரு நாட்டுக்கு மதிலாக இருந்த காலமும் உண்டு. கண்டி இராச்சியத்தின் வரலாறு இதற்குச் சான்று. கரையோரம் முழுவதையும் போர்த்துக்கேயரும், அவர்பின் ஒல்லாந்தரும், அவர்பின் ஆங்கிலேயரும் கைப்பற்றிய பின்னரும், கண்டி மன்னர் மலைகளுக்குள் நிலைத்து நின்றனர். அகன்ற பாதை வெட்ட அவர்கள் விரும்பவில்லை. ஒற்றையடிப் பாதைகளுக்கு முட்கதவு இட்டுக் காவல் வைத்தனர். அக்கதவைக் கடப்போர் களிமண்ணில் பதித்த அடையாளம் காட்டவேண்டியிருந்தது. பாதையை அறிந்தவர் குடிமக்கள்; அறியக்கூடாதவன் அந்நியன்.

1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவுக்குள் படை நடத்திச் சென்றான். அவனுக்கு வழியும் காவலும் உள்நாட்டு முதலியார்களும் லஸ்கோரின் வீரர்களுமே. ரந்தெனிவெலையில் அவர்கள் மன்னன் பக்கம் திரும்பினார்கள், படை அழிந்தது, தேசாதிபதியும் மாண்டான். பிறர் நாவை நம்பி நடந்த படைக்கு அந்த நா திரும்பியபோது நாடே திசை தெரியாத காடாயிற்று.

1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயக் கப்பலோட்டி ரொபேட் நொக்ஸ், கண்டி நாட்டில் 19 ஆண்டு கைதியாக வாழ்ந்தவன். அவனிடம் அளவுக் கருவி எதுவும் இல்லை. சில்லறைச் சரக்கைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றான். ஒவ்வொரு பயணத்திலும் வடக்கே சற்று அதிகம் போய், ஆறு எது, காவல் எங்கே, காடு எங்கே தொடங்குகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டான். 1679இல் அநுராதபுரம் வழியாக, நாம் அருவியாறு என்றும் சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்றும் சொல்லும் ஆற்றைப் பற்றிக்கொண்டு இறங்கி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளியான அவன் நூலில் கண்டி நாட்டின் படம் ஒன்றும் இருந்தது. தப்பியோடிய கைதியின் கால்கள் அளந்த படம் அது.

ஆங்கிலேயர் பட்ட பாடும் சிறிதன்று. 1803இல் கண்டியில் இருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்து வெளியேறி, பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க வழியின்றிக் கரையிலே சிக்கி அழிந்தது. மறு ஆண்டு, பல முனைகளிலிருந்து படைகள் கண்டியை நோக்கிப் புறப்பட வேண்டும் என்று திட்டம் வகுத்தார்கள். பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. மட்டக்களப்பில் இருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் தமக்கு வந்த கடிதத்தைப் புறப்படும் கட்டளையாகவே கொண்டு, ஏறத்தாழ 300 பேருடன் காடும் மலையும் கடந்து கண்டியை அடைந்தார். வேறு ஒரு படையும் அங்கு வரவில்லை. பகைவரின் துப்பாக்கிகளுக்கு நடுவே வழி தேடித் திருகோணமலைக்கு மீண்டார். அந்நாட்டின் வழி இன்ன தன்மையது என்று 1810இல் அவர் நூல் எழுதி வெளியிட்டார். தோல்வியும் ஒரு நில அளவையே. அடுத்த படைக்கு அது பயன்பட்டது.

1815இல் கண்டி வீழ்ந்தது பீரங்கியால் மட்டும் அன்று. ஜோன் டொயிலி என்ற அதிகாரி பல்லாண்டு காலமாக ஒற்றர், பிக்குகள், வியாபாரிகள் வாயிலாக ஊர்ச் செய்தியும் வழிச் செய்தியும் திரட்டி வைத்திருந்தார். மன்னனோடு பகைத்த பிரதானிகள் வழியைத் திறந்துவிட்டனர். படைகள் பல பிரிவாய் நுழைந்து பெப்ரவரி மாதத்திலேயே தலைநகரைப் பிடித்தன. மதில் இடிக்கப்படவில்லை, உள்ளிருந்து வாசிக்கப்பட்டது.

படைவீரன் வரைந்த விதம்

கையால் படம் வரைந்த அந்தப் படைவீரர்கள் எப்படி அளந்தார்கள்? இதை அறிந்தால் இன்றைய நில அளவைப் படத்தின் மீதுள்ள மருட்சி பாதி நீங்கும்.

முதலாவது கருவி கால். ஒரு மைலுக்கு எத்தனை எட்டு என்று பழகிக்கொண்டு, எட்டுகளை எண்ணி நடப்பது. இந்திய நில அளவைத் துறை 1860களில் திபெத்துக்குள் இரகசியமாக அனுப்பிய நயின் சிங், 108 மணிக்குப் பதிலாக 100 மணி கோத்த செபமாலையைக் கையில் வைத்திருந்தார். நூறு எட்டுக்கு ஒரு மணி. பார்த்தவருக்கு அவர் யாத்திரிகர், உண்மையில் அளவுகோல். இரண்டாவது, நடப்பவன் தள்ளிச் செல்லும் அளவுச் சக்கரம். அது சுழன்ற எண்ணிக்கையே தூரம். மூன்றாவது சங்கிலி. ஆங்கிலேயரின் சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணிகள். எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் ஏக்கர்க் கணக்கின் வேர் அந்த இரும்புச் சங்கிலியில் இருக்கிறது.

தூரம் அறிந்தாயிற்று, திசைக்குத் திசைகாட்டி. பாதை திரும்பும் இடந்தோறும் திசையையும் தூரத்தையும் குறிப்பேட்டில் எழுதி, மாலையில் பாசறையில் அமர்ந்து தாளில் கோடாக இழுப்பார்கள். இன்னொரு முறை, மூன்று காலில் நிற்கும் பலகையில் தாளை ஒட்டி, கண்ணுக்கு நேரே தெரியும் குன்றையும் கோபுரத்தையும் நோக்கி அங்கேயே கோடு இழுப்பது. இரண்டு இடங்களில் நின்று ஒரே கோபுரத்துக்குக் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டும் இடம் கோபுரத்தின் இடம். அங்கே போகாமலே அதன் இடம் தெரிந்துவிடும். பகைவனின் கோட்டையை அளக்க இதைவிட ஏற்ற முறை வேறில்லை.

மலையைத் தாளில் காட்டுவது கடினம். சமவுயரக் கோடுகள் பரவலாகும் முன்னர், சரிவு இறங்கும் திசையில் நெருக்கமாகச் சிறு கோடுகள் இழுத்தார்கள். கோடு அடர்ந்து கறுத்த இடம் செங்குத்து. வெளிறிய இடம் மெதுவான சரிவு. காலாட்படைக்கு எவ்வழி, பீரங்கிக்கு எவ்வழி என்பதை அந்தக் கறுப்பும் வெளுப்புமே கூறும்.

இப்படத்தில் எது இடம்பெறும், எது இடம்பெறாது என்பதைப் பாருங்கள். ஆற்றுத்துறை இருக்கும், கிணறு இருக்கும், கோவில், உயரமான கட்டடம் என்பதற்காக இருக்கும். அந்தத் தோட்டம் எவருடையது, அந்தக் காட்டில் எந்த ஊரார் சேனைப் பயிர் செய்கின்றனர், அந்தத் தரவையில் எவர் மாடு மேய்கிறது என்பன இரா. படைவீரனுக்கு அவை வேண்டியதில்லை. அவன் விட்ட வெறுமை தாளில் அப்படியே நின்றது. பின்னால் வந்த சட்டம் அந்த வெறுமையைக் கண்டு, 'இங்கு எவரும் இல்லை' என்று வாசித்தது. நம் வழக்கின் மூலம் இதுவே.

கோட்டையைச் சுற்றிய வெளி

கொழும்பில் வாழும் தமிழர் நாள்தோறும் பழைய படைப் படங்களின் மேலேதான் நடக்கின்றனர். நாம் புதுக்கடை என்று அழைக்கும் நீதிமன்ற மேட்டுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹல்ஸ்டோர்ப். கொழும்பை முற்றுகையிட்ட அவர்களின் படைத் தலைவன் ஜெரார்ட் ஹுல்ப்ட் 1656 ஏப்ரலில் குண்டுபட்டு இறந்தான். மறு மாதம் கோட்டை பணிந்தது. அவன் பாசறை இட்ட மேட்டில் அவன் பெயர் நின்றது. கோட்டையைப் பார்த்துக் குறிவைத்த மேடு இன்று வழக்குரைக்கும் மேடு. காலிமுகத்திடல் கோட்டைப் பீரங்கிக்குக் கண் மறைப்பு இல்லாதபடி வெறுமையாக வைக்கப்பட்ட நிலம் என்பர். யாழ்ப்பாணக் கோட்டையைச் சூழ்ந்த முற்றவெளியும் அவ்வகையதே. கோட்டை என்றால் அதைச் சுற்றிக் குண்டு செல்லும் தூரத்துக்குக் குடியிருப்பு இருக்கலாகாது என்பது அக்காலப் போர்க்கணக்கு.

அந்தக் கணக்கு ஒல்லாந்தரோடு போய்விட்டதா? 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலியைச் சூழ்ந்து 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற கோடு இழுக்கப்பட்டது. பீரங்கி நீண்ட தூரம் செல்வதாயிற்று. முற்றவெளியும் அதற்கேற்ப அகன்றது. பழைய முற்றவெளியில் மாடு மேய்ந்தது. புதிய முற்றவெளிக்குள் கோவிலும் பள்ளிக்கூடமும் செம்மண் தோட்டமும் அகப்பட்டன. போர் முடிந்து நான்கு ஆண்டு ஆனபின், 2013 ஏப்ரலில், அங்கே 6,381 ஏக்கரைக் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் எடுப்பதாக அறிவித்தல் வந்தது. உரிமையாளர் யாரெனக் கண்டறிய முடியவில்லை என்றும் சொல்லப்பட்டது. அவர்களுள் பலர் சில மைல் தூரத்தில் நலன்புரி முகாம்களில் இருந்தனர்! இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றம் சென்றனர். பின்னர் காணி பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. முழுவதும் இன்னும் திரும்பவில்லை.

முக்கோணங்களின் ஆட்சி

ஒல்லாந்தர் நிலத்தை இன்னொரு விதமாகவும் பிடித்தனர். ஆளையும் காணியையும் மரத்தையும் எண்ணித் தோம்பு எழுதினர். யாழ்ப்பாணத்து வழக்காறுகளை 1707இல் எழுதச் செய்து 'தேசவழமை' ஆக்கியவர்களும் அவர்களே. ஆனால் தோம்பு எழுதியவன் குடியானவனைக் கேட்டு எழுதினான். அதில் மனிதன் பெயர் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அளவை மனிதனைக் கேட்க வேண்டாத நிலைக்கு உயர்ந்தது.

அந்த உயர்வு தொடங்கிய இடம் சென்னைக்கு அருகே பரங்கிமலை. 1799இல் திப்புவுக்கு எதிரான போரில், இரவு நடந்த படை திசை தவறிப் பகைவன் பாசறை நோக்கிப் போவதை விண்மீன்களைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் வில்லியம் லாம்டன். அவரே 1802 ஏப்ரலில் பரங்கிமலைச் சமவெளியில் ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் நுணுக்கமாக அளந்தார். ஒரு கோட்டின் நீளமும் அதன் இரு முனைகளில் நின்று பார்த்த கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் மற்றை இரண்டு பக்கங்களையும் நடக்காமலே கணிக்கலாம். அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. கோணம் பார்க்கும் தியோடலைற்றுக் கருவி அரைத் தொன் எடை உடையது. 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின்மேல் அதைத் தூக்கியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. இராசராசன் கட்டிய விமானம் அந்நியனின் அளவைக்குத் தூணாக நின்ற காட்சி இது.

இலங்கையில் தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். கண்டி வீழ்ந்தபின் படைத்துறையினரே மலைநாட்டை அளந்தனர், வீதியும் வெட்டினர். வீதி வகுத்தவரான தோமஸ் ஸ்கின்னர் அவ்வளவையில் உழைத்தவர்களுள் ஒருவர். படையதிகாரி ஜோன் பிரேசரின் பெரும் படம் 1862இல் இலண்டனில் வெளியாயிற்று. பின்னர் நீர்கொழும்புப் பக்கத்திலும் மட்டக்களப்பிலும் அடிக்கோடுகள் அளந்து தீவு முழுவதும் முக்கோணங்களால் பிணைக்கப்பட்டது. நாட்டின் படக் கட்டங்களுக்கு மூலப்புள்ளி பீதுருதலாகலைச் சிகரம். பருத்தித்துறையில் உள்ள கிணற்றின் இடமும் அந்தச் சிகரத்திலிருந்தே எண்ணப்படுகிறது. அயல்காணிக்காரரின் பெயர் அங்கு வேண்டியதில்லை.

படம் சாட்சியான கதை

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியற்றதும் பயிரற்றதுமான காணிகள் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று கொள்ளப்படும் என்றது. நிரூபிக்கும் பாரம் யார்மேல்? குடியானவன்மேல். இதனால் முதலில் அடிபட்டவன் தமிழன் அல்லன்; கண்டிச் சிங்களக் குடியானவன். அவன் மூதாதையர் சேனை வெட்டிய காடு படத்தில் வெறுமையாகத் தெரிந்தது. அவ்வெறுமை ஏக்கர் 5 சிலிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1897இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. 2025இல் வெளியான அறிவித்தல் இந்த 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் குழந்தையே. முடி போயிற்று, முடியின் அனுமானம் போகவில்லை. சிங்கள நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் பாட்டனைத் தோட்டத்திலிருந்து துரத்திய அதே அனுமானம்தான் இன்று எங்களுக்கு அறிவித்தல் அனுப்புகிறது.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவையும் பொதுமக்கள் அறிந்திருத்தல் நலம். நில அளவையாளர் நாயகத்தின் கையொப்பம் தாங்கிய படம் சரியானது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். ஆனால் ஒரு வழக்குக்கென்று தயாரித்த படமாயின், அது சரியென்று நிரூபிக்க வேண்டும். ஒரு பக்கத்தின் படம் நம்பிக்கையோடு மன்றில் நுழைகிறது. மறுபக்கத்தின் படம் விசாரணைக்கு உள்ளாகி நுழைகிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை. அனுமானம் என்பது முடிந்த முடிபு அன்று. எதிர்ச்சான்று காட்டி அதை முறிக்கலாம். காட்டுவதற்குச் சான்று வேண்டும் என்பதே விஷயம். மேடையில் உணர்ச்சி பொங்கப் பேசுவது எளிது. மன்றில் கேட்கும் கேள்வி ஒன்றே: 'உமது எல்லை எது? காட்டும்.'

பெயரின் வலிமையும் இதில் அடங்கும். கொட்டாஞ்சேனைக்கு அருகே உள்ள ஒல்லாந்த தேவாலயத்தின் பெயர் வூல்பண்டால். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? குவாதலூப்பே மாதாவின் பெயரில் இருந்த போர்த்துக்கேயக் கோவிலின் பெயர் காதில் திரிந்து ஓநாயாயிற்று என்று கூறுவோர் உளர். எழுதியவன் காதில் விழுந்ததே பெயராக நிலைக்கும். 1980களில் மணலாறு 'வெலிஓயா' ஆயிற்று. மணலும் ஆறும் அப்படியே இருக்கின்றன. சொல்லின் பொருளும் அதுவே. ஆனால் மணலாற்றில் காணி உள்ளவனின் உறுதிக்கும் வெலிஓயா என்று எழுதிய படத்துக்கும் இடையே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் எத்தனை குடும்பங்கள் விழும் என்பதை வழக்கறிஞர் அறிவர்.

செய்யவேண்டியவை

'படம் விஞ்ஞானம், அதற்கு இனமும் இல்லை, கட்சியும் இல்லை, வீதிக்கும் குளத்துக்கும் படம் வேண்டாமா?' என்று சிலர் கேட்பர். வேண்டும். தியோடலைற்றுக்குக் கட்சி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை எங்கே நிறுத்துவது, எதை நோக்கித் திருப்புவது, எதைத் தாளில் எழுதாமல் விடுவது என்று கட்டளையிடுபவனுக்குக் கட்சி உண்டு. நாம் எதிர்ப்பது அளவையை அன்று. நம்மைக் கேளாமல், நம் மொழியில் சொல்லாமல், நாம் இல்லாத வேளையில் அளப்பதையே எதிர்க்கிறோம்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கும் தமிழர், அரைப் பேர்ச்சஸ் குறைந்தாலும் விடமாட்டார். நில அளவைப் படத்தைக் கேட்டுப் பார்த்து, வழக்கறிஞரிடம் காட்டி, அதன் பின்னரே பணம் கொடுப்பார். அதே தமிழரின் ஊர்க்காணி உறுதி, பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும். அந்தக் காணிக்குப் படம் உண்டா, பரம்பரைப் பங்கு பிரித்ததா, கடைசியாக எவர் பெயரில் பதிவு என்று கேட்டால் 'அது ஊரிலே இருக்கிறது' என்பார். ஊரிலே இருப்பது காணி மட்டுமே. காணியை உமது என்று காட்டும் சான்று எங்கே இருக்கிறது? மூன்று மாதக் கெடு விழும்போது தேடத் தொடங்கினால் கிடைக்குமா?

ஆகவே செய்யவேண்டியவை தெளிவு. முதலாவது, உறுதிகளையும் பழைய படங்களையும் குடும்பந்தோறும் திரட்டிப் பிரதி எடுத்து வைத்தல். காணிப் பதிவகத்தில் பதிவைச் சரிபார்த்தல். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்து எல்லைக்கல் நாட்டல். தனியொருவருக்குச் செலவு கூடுதல் எனின், ஊர்ச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒழுங்கை ஒழுங்கையாக அளப்பிக்கலாம். வெளிநாட்டுச் சங்கங்கள் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு அனுப்பட்டும். கோபுரம் நிற்கவும் நிலம் வேண்டும்.

இரண்டாவது, முதியோர் உள்ளபோதே காணிப் பெயர், குளத்தின் பெயர், மேய்ச்சல் தரவை, சுடலை, வழிபாட்டு மரம் ஆகியவற்றைக் கேட்டு ஊர்ப்படம் வரைதல். படைவீரன் கையால் வரைந்த படம் நாட்டை ஆண்டதாயின், ஊரார் கையால் வரைந்த படம் ஊரைக் காக்கத் துணை செய்யாதா? எட்டு எண்ணி, கயிறு பிடித்து, திசை பார்த்து வரையலாம் என்பதை மேலே கண்டோம். அது மன்றில் தனியே நின்று வெல்லாது. ஆனால் முதியோரின் சாட்சியத்துக்கும் நில அளவையாளரின் வேலைக்கும் அதுவே வழிகாட்டி.

மூன்றாவது, நம் இளைஞர் நில அளவைத் தொழிலுக்குச் செல்லல். தியத்தலாவையில் அத்தொழிலைப் பயிற்றும் நிலையம் இருக்கிறது. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு பீடமே இருக்கிறது. மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு வாயிலில் மட்டும் முட்டிமோதும் நம் பெற்றோர், நிலத்தை அளக்கும் கல்வியைச் சிறிதென்று எண்ணுவது பேதைமை.

நான்காவது, அரசிடம் கேட்கவேண்டியவை. காணி தொடர்பான ஒவ்வோர் அறிவித்தலும் அவ்வூர் மக்களின் மொழியில், அவ்வூர்ப் பெயரோடு, வாசிக்கத்தக்க படத்தோடு, ஊர்ச் சந்தியிலே வெளிவர வேண்டும். இடம்பெயர்ந்தோருக்கும் கடல்கடந்தோருக்கும் மூன்று மாதக் கெடு நீதியாகாது. படையினர் வசமுள்ள காணிகளின் எல்லையைக் காட்டும் படங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 1840இன் அனுமானம், போரால் ஓடியவர் காணிமீது செல்லாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பற்றை வளர்ந்தது உரியவன் விட்டுப்போனதால் அன்று, விரட்டப்பட்டதால். விரட்டியதன் பயனை விரட்டியவனே நுகரலாகாது என்பது நீதியின் பாலபாடம்.

கண்டி மன்னர் பாதையை மறைத்துத் தம் நாட்டைக் காத்தனர்; பாதை வெளியானதும் நாடு போயிற்று. இது மறைக்க இயலாத காலம். வானிலிருந்து ஒவ்வொரு வேலியும் தெரியும் காலம். மறைப்பதால் நிலம் காக்கப்படாது. வெளிப்படக் காட்டி, அளந்து, எழுதி, கையொப்பம் இட்டு, மன்றில் நின்றே காக்கப்படும். இன்றே உங்கள் உறுதிகளை எடுத்து வாசியுங்கள். நான்கு எல்லையில் எழுதியுள்ள பெயர்களுக்கு உரியவர் எவர் உயிரோடு இருக்கிறார் என்று விசாரியுங்கள். அவரோடு சேர்ந்து எல்லையை நடந்து பாருங்கள். அடுத்த அறிவித்தல் வரும்போது, 'எங்கள் எல்லை இது' என்று காட்டும் கை நம்முடையதாக இருக்கட்டும்.